கரண்ட் பில் எங்கே எகிறுகிறது? மதுரை வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சித்திரை, வைகாசிக் கணக்கு முடிந்து பில் தொகை செல்போனுக்கு வந்த பிறகுதான் பல வீடுகளில் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். "ராத்திரி மட்டும்தானே ஏசி போட்டோம், எப்படி மூணு மடங்கு ஆச்சு?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. மீட்டர் தப்பாக ஓடுகிறது என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம். பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கும். பில் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டதுதான் முதல் தவறு.

500-ஐத் தாண்டும் அந்த ஒரு யூனிட்

தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற சலுகை விலையே கிடையாது. 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55.

சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு!

விளாங்குடியிலோ வில்லாபுரத்திலோ இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாசி, பங்குனியில் 380 யூனிட் ஓடியது. பில் 1,081 ரூபாய். கோடையில் ஏசியால் 260 யூனிட் கூடி 640 ஆனது. பில் 3,258 ரூபாய். யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பில் மூன்று மடங்கு ஆகிவிட்டது. இதே வீடு எப்படியாவது 500-க்குள் இறங்கிவிட்டால் குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்து ரூபாய் கையில் நிற்கும். அதனால் "கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உங்கள் வீடு 500-க்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை காத்திருப்பது

ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 30-ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். திரையில் வோல்டேஜ், தேதி, உச்சபட்ச லோடு என்று எண்கள் மாறி மாறி ஓடும். பக்கத்தில் கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடலாம். போன ரீடிங்கை இதிலிருந்து கழித்தால் பாதி வழியில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது தெரியும். 30 நாளில் 270 போயிருந்தால் 500-ஐத் தாண்டப்போகிறது என்று அர்த்தம். சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.

ரீடிங் தேதி தள்ளிப்போவதையும் சாதாரணமாக விடக்கூடாது. நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், பில் 1,679 ரூபாய். 68-ஆம் நாள் எடுத்தால் 544 யூனிட், பில் 2,409 ரூபாய் 60 காசு. அடுத்த கணக்கில் நாள் குறையும் என்றாலும் இங்கே 500-ஐத் தாண்டியது தாண்டியதுதான். கேட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். 60-ஆம் நாள் மீட்டரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள், திரையில் மீட்டரே காட்டும் தேதியோடு. ரீடிங் தாமதமாகி பில் கூடினால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகார் பதியலாம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதைவிட படம் பேசும்.

ஏசி: குறையை மெஷினில் மட்டும் தேடுவது

18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. 18-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் அறை 26-க்கு இறங்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். 18-இல் வைத்தால் கம்ப்ரசர் ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்குப்படி ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம். 2020-லிருந்து புது ஏசிகள் ஆன் செய்தவுடன் 24-இல் நிற்கும்படி செய்ததும் இதனால்தான். மதுரையில் 26-இல் வைத்து, சீலிங் ஃபேனை இரண்டில் ஓடவிட்டால் உடம்புக்கு 24 போலவே இருக்கும்.

ஆனால் இந்த ஊரில் ஏசியின் உண்மையான எதிரி மேலே இருக்கும் கான்கிரீட். மேல்மாடி வீடு என்றால் பகல் முழுக்க வெயில் குடித்த தளம் நள்ளிரவுவரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விப்பது அறைக் காற்றை அல்ல, அந்தத் தளத்தை. பங்குனிக்கு முன்பே மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டோ இரண்டு கோட் அடித்துவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே பச்சை வலை கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை வெளியேற்றாது. கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதையும் அடையுங்கள்.

அவுட்டோர் யூனிட்டைத் திருட்டுக்குப் பயந்து இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, மேலே தகரம் போட்டு, முன்னால் துணியும் காயப்போடுகிறார்கள். அது கக்கும் அனலையே அது திரும்ப இழுக்கும். முன்பக்கம் நாலைந்து அடி திறந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. "கேஸ் குறைஞ்சிருச்சு" என்று வருஷா வருஷம் கேஸ் அடிப்பவர்களை நம்பாதீர்கள். கேஸ் தானாகத் தேயாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

வாங்கும்போது ஸ்டார் மட்டும் பார்ப்பதும் தவறு. லேபிளில் ஆண்டும் இருக்கும். 2022 ஜூலையில் அளவுகோல் கடுமையானபோது அதுவரை ஐந்து ஸ்டாராக இருந்த ஏசிகள் நாலு ஸ்டாருக்கு இறங்கின. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக் ஐந்து ஸ்டாரும் புது ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல.

ஃபேனைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இங்கே ஃபேன் நிற்கும் நேரம் குறைவு. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 72 யூனிட். பி.எல்.டி.சி. எனும் புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். அதே நேரத்துக்கு 29 யூனிட் போதும். எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஹாலிலும் தூங்கும் அறையிலும் உள்ளதை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேனை மாற்றிப் போட்ட காசு திரும்பாது. பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றி நேராகக் கொடுக்க வேண்டும்.

பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இன்னும் இருந்தால், ஃபேனை ஒன்றில் வைத்தாலும் மிச்சமாக வேண்டிய கரண்ட்டில் ஒரு பங்கு அந்தப் பெட்டியில் சூடாக வீணாகிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும். ஃபேன் வேகம் குறைந்திருக்கிறதா? புது ஃபேன் வாங்குவதற்கு முன் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

மோட்டார்

ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு சுமார் 1.1 யூனிட் எடுக்கும். போன வருஷம் 30 நிமிடத்தில் நிறைந்த ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு இப்போது 50 நிமிடம் ஆகிறதென்றால் அந்த 20 நிமிடம் இரண்டு மாதத்தில் 22 யூனிட். வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் போர் மட்டம் இறங்கினால் கொஞ்சம் நேரம் கூடுவது இயல்பு. மட்டம் சரியாக இருந்தும் நேரம் கூடினால் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், பைப் ஜாயின்ட் காற்று இழுக்கலாம், கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். மோட்டாரை நிறுத்தியதும் தொட்டிக்குப் போன தண்ணீர் பைப்பில் கீழே இறங்கும் சத்தம் கேட்டால் வால்வு பிடிக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒரு ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் போட்டுவிடுங்கள். தண்ணீரும் மிச்சம்.

வெந்நீர்

20 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 0.42 யூனிட் வேண்டும். கீசரோ வாளியில் போடும் ராடோ, இந்தக் கணக்கு மாறாது. நாலு பேர் தினம் ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். கோடையில் இது தேவையே இல்லை. மாலையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே சுடும். பழக்கத்தால் கீசர் சுவிட்சை எந்நேரமும் ஆனில் விடும் வீடுகள் நிறைய. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆற ஆற அது சுட வைத்துக்கொண்டே இருக்கும்.

கிரைண்டரை யாரும் குறை சொல்ல வேண்டாம். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் 40 நிமிடம் மாவாட்டினால் 0.1 யூனிட்தான். மிக்சி அதைவிடக் குறைவு. இட்லி மாவைக் கடையில் வாங்கி கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது. ஃப்ரிட்ஜில் இரண்டு மட்டும் பாருங்கள்: கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் லேசாக உருவிக்கொண்டு வரக்கூடாது, ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் படிய விடக்கூடாது.

வீடு தூங்கும்போது மீட்டர் ஓடுவதைக் கவனிக்காதது

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் 3200 இம்ப் என்பது போல ஒரு எண் அச்சடித்திருக்கும். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். இரவில் ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, டி.வி.யையும் செட்டாப் பாக்ஸையும் எப்போதும்போல ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு, 15 நிமிடம் எண்ணுங்கள். 8 முறை மின்னினால் மணிக்கு 32 முறை, அதாவது 10 வாட். கேட்க அற்பமாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட் அது. பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ்தான். பிளக் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். பிறகு இன்வெர்ட்டரை மட்டும் போட்டு மறுபடி எண்ணுங்கள். 2012 மின்வெட்டுக் காலத்தில் பழகிய பலர் இன்னும் பழைய பேட்டரியை வைத்திருக்கிறார்கள். நிறைந்த பிறகும் சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும் பேட்டரி இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக மெயின் சுவிட்சையே இறக்குங்கள். அப்போதும் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ இழுக்கிறார்கள், அல்லது மீட்டரில் கோளாறு. நீங்கள் கை வைக்காமல் ஈ.பி.க்குச் சொல்லுங்கள், கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம். பல மீட்டர்களில் ஈ.எல். என்று தனி விளக்கு உண்டு. அது எரிந்தால் மோட்டாரிலோ கீசர் காயிலிலோ கரண்ட் எர்த்துக்குக் கசிந்துகொண்டிருக்கலாம். பில்லைவிட உயிருக்கு ஆபத்து. அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விளக்குகள் மின்ன, "பிளக்கில் செருகினால் பாதி பில்" என்று பொருட்காட்சிக் கடைகளில் விற்கும் பவர் சேவரை வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும். வீட்டுக் கணக்கில் யூனிட்டுக்குத்தான் காசு; இழுக்கும் கரண்ட் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டருக்கு இல்லை. அது திருத்துவது உங்கள் பில்லில் இல்லாத ஒன்றை.

மேலே சொன்ன 640 யூனிட் வீட்டுக்கே வருவோம். ஏசியை 24-லிருந்து 26-க்கு ஏற்றினால் 31 யூனிட், இரண்டு ஃபேனை மாற்றினால் 86, செட்டாப் பாக்ஸை அணைத்தால் 14, மோட்டாரைச் சரிசெய்தால் 22. மொத்தம் 153 குறைந்து 487 யூனிட். பில் 3,258-லிருந்து 1,723-க்கு இறங்குகிறது.

சோலாரை முதலில் போடுவது

இவ்வளவும் செய்த பிறகு பில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் சோலாரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு கிலோவாட் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் மேலும் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடும் வீட்டின் பில் 940 ரூபாய்தான்; அங்கே மானியத்துக்காக 3 கிலோவாட் போட்டால் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். கோடை, குளிர் என்று இல்லாமல் எப்போதும் 700-க்கு மேல் ஓடும் வீட்டுக்கு அது சரி. போடுவதற்கு முன் காலை 9 மணி, 12 மணி, மாலை 3 மணி என்று மூன்று முறை மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலும் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். ஒரு பலகையின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும், அதற்கும் இரண்டடி விட்டு வையுங்கள்.