வீட்டுக்கு இரண்டாவது கார் வரும்போது இன்சூரன்ஸில் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. மனைவி ஓட்டுவதற்கென்று மச்சானின் பழைய காரையும் வாங்கிவிட்டார். "ஆர்.சி. என் பேருக்கு மாத்தியாச்சுண்ணே. இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் ஓடும். முடியும்போது பேரை மாத்திக்கலாம்ல?"

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இதையே நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அதுவும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு வந்த முதல் வருடத்தில்.

தேதி தவறாமல் புதுப்பியுங்கள், வண்டி எண்ணைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரமானவர்களே விழும் குழிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆர்.சி. மாறியது, பாலிசி மாறவில்லை

என் முதல் கார் சித்தப்பாவிடம் வாங்கியது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினேன். பாலிசி சித்தப்பா பெயரிலேயே இருந்தது. அதை மாற்றப் போனபோது, க்ளெய்ம் வாங்காமல் ஓட்டிய வருடங்களுக்காக அவருக்குக் கிடைத்திருந்த 45 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், எனக்கு வராது, மீதி மாதங்களுக்கு அந்த வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும் என்றார்கள். கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துச் சொச்சம். "வண்டிக்குத்தானே இன்சூரன்ஸ், யார் பெயரில் இருந்தால் என்ன" என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் நான்கு வழிச்சாலையில் திடீரென பிரேக் போட்ட லாரியின் பின்னால் போய் இடித்தேன். பானெட், ரேடியேட்டர், ஹெட்லைட் எல்லாம் போயிற்று. ஒர்க்‌ஷாப்பில் 78,000 ரூபாய் என்றார்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து ஒரு கையில் ஆர்.சி.யையும் மறு கையில் பாலிசியையும் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. சித்தப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதுவும் நடக்காது. அவரிடம் பாலிசி இருக்கிறது, வண்டி இல்லை. என்னிடம் வண்டி இருக்கிறது, பாலிசி இல்லை. இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்து 78,000 கட்டிய ஏஜென்ட் என்று சித்தி இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-ஆவது பிரிவுப்படி, வண்டி கைமாறினால் இன்சூரன்ஸும் மாறியதாகவே கருதப்படும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பலர் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தானாக மாறுவது, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும்தான். நம் வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. பகுதி தானாக மாறாது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது இன்னொரு கூத்து. பழைய பெயரிலேயே ஆப்பில் பணம் கட்டிப் புதுப்பித்துவிடுகிறார்கள். பி.டி.எஃப். வந்துவிட்டது, எல்லாம் சரி என்று நினைப்பு. பணம் வாங்கும்போது யாரும் ஆர்.சி.யைக் கேட்பதில்லை. இடித்த பிறகு முதலில் கேட்பதே அதைத்தான்.

விற்கிறவருக்கும் ஒன்று. ஆர்.சி. மாறாமல் வண்டியைக் கொடுத்தால், அது யாரையாவது இடிக்கும்போது நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தம்பியிடம் அன்றைக்கே விண்ணப்பிக்கச் சொன்னேன். "வித்தியாசம் மூவாயிரம் வருதேண்ணே" என்று இழுத்தார். சித்தியின் நம்பரைக் கொடுக்கலாமா என்று பார்த்தேன்.

போனஸை இரண்டு காருக்கும் கேட்பது

நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு வருவது. அதற்காக இரண்டு காருக்கும் அதைக் காட்ட முடியாது. பழைய காரை வைத்துக்கொண்டே புதுசு வாங்கினால், புதிய கார் பூஜ்யத்தில்தான் தொடங்கும். பழையதை விற்றால், விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து போனஸ் சான்றுக் கடிதம் வாங்கிவிடுங்கள். அது 3 வருடம் செல்லும். 50 சதவீதம் வரை சேர்ந்த போனஸை, கடிதம் ஒன்று கேட்காததால் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகன் பெயரைப் பாலிசியில் சேர்க்கச் சொல்வது

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கிளப்பிவிட்ட சந்தேகம் இது. அங்கே ஓட்டுநர் பெயரைச் சேர்ப்பார்கள். இங்கே சொந்தக் காரை, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் உங்கள் அனுமதியோடு ஓட்டலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டும்தான். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி ஏதாவது ஆனால் அந்தப் பணம் வராது. மகனுக்கும் உடன் வருபவர்களுக்கும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மறுபக்கம், ஒரே ஆள் பெயரில் இரண்டு கார் இருந்தால் இந்த 15 லட்சத்தை இரண்டு முறை வாங்கத் தேவையில்லை. ஷோரூமில் இதை யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சம்பள டிரைவர்

வண்டி ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுப் பொறுப்பை வருடம் 50 ரூபாய்க்குப் பாலிசியில் சேர்க்கலாம். இதிலுமா மிச்சம் பிடிப்பது?

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர்

எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இன்சூரன்ஸ் செல்லும். தனியாக அனுப்பினால் செல்லாது.

பதினெட்டு நிரம்பாத பிள்ளை

சாவியையே கொடுக்காதீர்கள். 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவது

க்ளெய்ம் கிடையாது. திருப்பதி டிரிப்புக்கு நண்பனிடம் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தாலும் அது வாடகைதான்.