நீர்கொழும்புக் களப்பைச் சுற்றி நடக்கலாம்: கொழும்பிலிருந்து போகும் புதியவர்களுக்கு

நடைப்பயணம் என்றாலே நம் ஆட்கள் எல்ல, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை என்று அடுக்குவார்கள். அதற்கெல்லாம் லீவு வேண்டும், குளிருக்கு ஜாக்கெட் வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு நடந்து பழக நினைப்பவருக்கு நீர்கொழும்பு போதும். கொழும்புக்கு வடக்கே 35 கிலோமீட்டர் அளவில், கடலுக்கும் களப்புக்கும் இடையே இருக்கும் ஊர். ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை. அதற்காக லேசு என்று நினைத்துவிட வேண்டாம். வெயிலும் மணலும் ஆளைச் சாய்த்துவிடும். கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்துத் திட்டம் போடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

படி 1: நாளைத் தெரிவு செய்யுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். நம் மேற்குக் கரையில் வற்றுப் பெருக்கு வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் அந்த மாதங்களில் அலை கரையைத் தின்றுவிடுவதால் சில இடங்களில் கால் வைக்க மணலே இருக்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை பளிச்சென்று இருந்து பின்னேரம் இடி மின்னல் வரும். வெட்டவெளிக் கடற்கரையில் மின்னலோடு விளையாட வேண்டாம், அந்த மாதங்களில் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். கொழும்பில் எல்லோரும் ஞாயிறைத்தான் தேர்வார்கள். நீர்கொழும்பு மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குரிய நாள், பலரும் கடலுக்குப் போவதில்லை. மீன் சந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை போங்கள்.

படி 2: பை

தலைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, சின்னத் துவாய், சில்லறைக் காசு. கால் விரலில் மட்டும் மாட்டும் பாட்டா செருப்பு வேண்டாம். பின்னால் வார் உள்ள செருப்பு நல்லது. சப்பாத்து போட்டால் மணல் உள்ளே புகுந்து கொப்புளம் போடும். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு பணிஸ் போதும், ஊரில் கடைக்குப் பஞ்சமில்லை. ட்ரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். களப்பின் கிழக்குப் பக்கத்தில்தான் கட்டுநாயக்க விமான நிலையம் இருக்கிறது.

படி 3: போய்ச் சேர்வது

புறக்கோட்டையிலிருந்து 240 இலக்க பஸ், அல்லது கோட்டையிலிருந்து புத்தளம் பாதை ரயில். அதிவேக வீதியால் போகும் பஸ்ஸும் உண்டு, காசு கொஞ்சம் கூட. எனக்கு ரயில்தான் பிடிக்கும்: ராகமை, ஜா-எல, சீதுவை என்று மெதுவாகப் போகும்போதே நகரம் கழன்றுவிடும். எதில் போனாலும் ஏழு மணிக்கு முன் நீர்கொழும்பில் இறங்கப் பாருங்கள்.

படி 4: முதல் நடை, களப்பின் வாய் வரை

புதியவர் இதில்தான் தொடங்க வேண்டும். போய் வர ஏழெட்டு கிலோமீட்டர், முழுவதும் வீதி. களைத்தால் எந்த இடத்திலும் ஆட்டோ மறிக்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து மேற்கே, பழைய கோட்டையை நோக்கி நடங்கள். கோட்டை என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒல்லாந்தர் கட்டிய வாசல் எஞ்சியிருக்கிறது, அதன்மேல் 1678 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. உள்ளே இப்போது சிறைச்சாலை. வாசலைப் பார்த்துவிட்டு நகருங்கள், கமெராவை உள்ளே நீட்ட வேண்டாம்.

அங்கிருந்து மூக்கே வழிகாட்டும். சிங்களத்தில் லெல்லம என்று சொல்லும் மீன் சந்தை பக்கத்தில்தான். விடியற்காலை ஏலம் மும்முரமாக நடக்கும், நீங்கள் ஏழரைக்குப் போனாலும் கடைசிப் பகுதியாவது கிடைக்கும். கடற்கரையில் கருவாடு காயப்போடுவதைப் பாருங்கள். மீனைப் பிளந்து, குடல் எடுத்து, பீப்பாயில் உப்பில் ஊறவைத்து, கடல்நீரில் கழுவி, தும்புப் பாய்களில் வரிசையாகப் பரப்புகிறார்கள். வெயில் ஏற ஏறப் புரட்டிப் போட வேண்டும். பாய்க்கு நடுவே நடக்காதீர்கள், ஓரமாகச் சுற்றிப் போங்கள். படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வர வாய்ப்புண்டு. இங்கத்தைய மீனவக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் தமிழ் பேச்சுமொழி, அதற்கென்று தனி ராகம் இருக்கிறது.

இனிப் பாலத்தைத் தாண்டி முன்னக்கரை, தூவை பக்கம். தூவை, பெரிய வெள்ளிக் காலத்தில் நடக்கும் இயேசுவின் பாடுகளின் நாடகத்துக்குப் பேர்போன மீனவத் தீவு. பாலத்தில் சற்று நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள அது போதும். களப்பின் தெற்கு மூலையில் தண்டுகம் ஓயாவும் ஜா-எலவும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, வடக்கே இந்த ஒடுங்கிய வாயால் கடல் வந்து போகிறது. நடுவே மூவாயிரம் ஹெக்டேயருக்கு மேல் ஆழம் குறைந்த உவர்நீர். களப்பில் வளரும் இறால் கடலுக்குத் திரும்பும் வழி இது ஒன்றுதான். அதனால் வற்று நீர் வெளியே இழுக்கும் இரவுகளில், வாய்க்கு அருகே கம்பு நட்டு வலை கட்டிப் பிடிக்கிறார்கள். எவர் வேண்டுமானாலும் கட்டிவிட முடியாது. நான்கு மீனவர் சங்கங்களுக்குள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவது இங்கே நெடுநாள் வழக்கம். பொதுச்சொத்தைச் சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்தவர்கள் என்று நகரத்து மாடிவீட்டுச் சங்கக் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பாலம் தாண்டி பிட்டிபனை வரை போய்த் திரும்புங்கள். களப்பு ஓரத்தில் கண்டல் மரங்கள் நிற்கும், ஆழமில்லாத நீரில் கிளைகளை வட்டமாகக் குவித்து மீன் கூட்டும் இடங்களும் கண்ணில் படும். ஒரே ஒரு கண்டிப்பு: களப்பின் வாயில் இறங்கி நடக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுக்கும்.

படி 5: இரண்டாம் நடை, கால்வாய் ஓரம்

நகரத்தின் நடுவே ஓடுவதை எல்லோரும் டச்சுக் கால்வாய் என்பார்கள். ஆனால் களப்புக்குத் தெற்கே, கொழும்புப் பக்கத்திலிருந்து களப்பு வரை வரும் ஹமில்டன் கால்வாய் ஒல்லாந்தருடையது அல்ல, ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. நகரக் கால்வாயின் ஓரமாக வடக்கே ஒரு மணிநேரம் நடந்தால் போதும். சில இடங்களில் பாதை அழகு, சில இடங்களில் குப்பை. கால் பழக்கத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

படி 6: மூன்றாம் நடை, மகா ஓயா முகத்துவாரம்

முதல் நடை உடம்பு வலிக்காமல் முடிந்தால் இதற்கு வாருங்கள். ஊர்க் கடற்கரையிலிருந்து வடக்கே, லூயிஸ் பிளேஸ், ஏத்துக்கால் ஹோட்டல்களைத் தாண்டி மகா ஓயா கடலில் விழும் இடம் வரை ஏழு கிலோமீட்டர் போல. அந்த ஆறுதான் மேல் மாகாணத்துக்கும் வடமேல் மாகாணத்துக்கும் எல்லை.

ஆறரைக்கே தொடங்கினால் கிழக்கே உள்ள தென்னைகளும் கட்டடங்களும் கரைக்கு நிழல் தரும். ஒன்பதரைக்குப் பின் அந்தச் சலுகை இல்லை. அலை நனைத்த கெட்டி மணலில் நடங்கள், உலர்ந்த மணல் கெண்டைக்காலைப் பிழிந்துவிடும். கரை சரிவாக இருப்பதால் ஒரு பக்க முழங்கால் மட்டும் நோகும். அதற்கு மருந்து, அரை மணிக்கு ஒருமுறை ஒழுங்கை வழியே மேலேறி, கரைக்கு இணையாகப் போகும் வீதியில் கொஞ்ச தூரம் நடப்பது. அலை ஒதுக்கிய கோட்டில் வெள்ளை மணிகள் போல ஏதாவது கிடந்தால் அவை பிளாஸ்டிக் உருண்டைகளாக இருக்கலாம். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் சரக்கு இந்தக் கரை முழுவதும் ஒதுங்கியது. பிள்ளைகள் கூட வந்தால் பொறுக்கி விளையாட விட வேண்டாம்.

முத்துராஜவெல சதுப்பையும் நடந்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். அது நடக்கும் இடமில்லை. முதலை உண்டு, சேறு உண்டு. பமுனுகமை பக்கம் போபிட்டியவில் படகு பிடித்துக் காலையில் போங்கள்.

படி 7: திரும்புவது

மகா ஓயா வாயிலிருந்து கொச்சிக்கடை டவுனுக்கு ஆட்டோவில் போய்விடுங்கள், நடந்து தீர்க்க வேண்டிய வீதி இல்லை. அங்கே ரயில் நிலையமும் இருக்கிறது, கொழும்பு வீதி பஸ்ஸும் நிற்கும். ஆட்டோக்காரரிடம் விலையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது நீர்கொழும்புக் கொச்சிக்கடை என்று முழுதாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் நிற்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ரயில் என்றால் நேர அட்டவணையைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வர நேரமாகும் என்று தெரிந்தால் யோசிக்காமல் பஸ்ஸைப் பிடியுங்கள், ஜன்னல் பக்க சீற்றாகப் பார்த்து.