மூத்த மார்பகப் புற்றுநோயாளிகளின் நலத்தில் இன இடைவெளியைக் கண்டறிவது எப்படி

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடக் கருப்பினப் பெண்களிடம் சற்றுக் குறைவுதான். இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். இறப்பைப் பதிவேடு காட்டிவிடும். சிகிச்சை முடிந்து வாழும் 70 வயதுப் பெண்ணின் வலி, சோர்வு, பணக்கவலை எல்லாம் கேட்டால்தான் தெரியும். கேட்கும் விதத்தில் பிசகினால் இல்லாத இடைவெளி தெரியும், இருப்பது மறைந்துபோகும்.

இனத்தை முகம் பார்த்து ஊழியர் நிரப்பக் கூடாது, நோயாளியே சொல்லட்டும். 2024-இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி விதிப்படி இனத்துக்கும் பூர்விகத்துக்கும் சேர்த்து ஒரே கேள்வி, ஏழு பிரிவுகள்; ஒன்றுக்கு மேலும் தேர்ந்தெடுக்கலாம். 'ஆசியர்' என்பதோடு நிறுத்தினால் சீனர், வியட்நாமியர், இந்தியர் எல்லாரும் ஒரே சராசரியில் கரைந்துவிடுவார்கள். பேசும் மொழியையும் பிறந்த நாட்டையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாளுக்கு, மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கை நலத்தை அளக்கும் ஃபேக்ட்-பி (FACT-B) போதும்: கடந்த 7 நாட்களைப் பற்றிய 37 கேள்விகள், மொத்தம் 148 புள்ளிகள், கூடினால் நலம். முறையாகச் சரிபார்த்த மொழிபெயர்ப்பையே கொடுங்கள். பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கண் மங்கியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மகள் எதிரே எந்தத் தாயும் மாத்திரைக்குக் காசில்லை என்று சொல்லமாட்டார். கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவமனை, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பது கட்டுப்படியான பராமரிப்புச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு.

அதிகம் தவறு நடப்பது மதிப்பெண் போடும்போதுதான். ஃபேக்ட்-பி-யின் சமூக, குடும்பப் பகுதியில் உள்ள 7 கேள்விகளில் ஒன்று தாம்பத்திய உறவு பற்றியது. விதவைகள், வயதானவர்கள் பலர் அதை விட்டுவிடுவார்கள். விடுபட்டதற்கு 0 போடாதீர்கள். 6 கேள்விகளுக்கு 18 புள்ளி வந்தால் 18 × 7 ÷ 6 = 21. பூஜ்யம் போட்டால் 18-லேயே நின்றுவிடும். ஒரு சமூகத்தார் அந்தக் கேள்வியை அதிகம் தவிர்த்தால், 3 புள்ளிப் பொய் இடைவெளி தானாக முளைக்கும். பகுதியில் பாதிக்கு மேல் பதில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

மொத்த மதிப்பெண்ணில் 7, 8 புள்ளி வித்தியாசம் இருந்தால் நோயாளியே உணரும் அளவு அது. ஒப்பிடும்போது நோயின் நிலை, சிகிச்சை, முடிந்து எத்தனை மாதம் என்பவற்றைச் சமன்செய்யுங்கள், அதாவது அவற்றில் ஒத்தவர்களையே ஒப்பிடுங்கள். வருமானத்தையும் காப்பீட்டையும் சமன்செய்ததும் இடைவெளி சுருங்கினால், 'இனத்துக்குத் தொடர்பில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அது எந்த வழியாக வந்தது என்றுதான் தெரிந்திருக்கிறது. சமன்செய்யும் முன் வந்த எண், பின் வந்த எண் இரண்டையும் காட்டுங்கள்.

மனச்சோர்வைக் கண்டறியும் 9 கேள்வி வினாத்தாளான பிஎச்கியூ-9-இல் (PHQ-9) 10 புள்ளி எல்லைக்கோடு. ஆனால் தூக்கம், பசி, களைப்பு பற்றிய கேள்விகளில் கீமோவின் விளைவும் கலந்துவிடும். உடல் அறிகுறிகளைப் பெரிதும் தவிர்க்கும் 15 கேள்வி முதியோர் மனச்சோர்வு அளவுகோல் இங்கே பொருத்தம். அதில் 5-க்கு மேல் என்றால் கவனியுங்கள்.

வினாத்தாளில் சிக்காதது நேரில் தொட்டுப் பார்த்து, கேட்டால் சிக்கும். கதிர்வீச்சுக்குப் பின் 'சிவப்பு' தேடினால் கருத்த தோலில் தெரியாது. கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறும். புறங்கையால் தொட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். டாக்சேன் என்ற கீமோ மருந்து வகையால் வரும் நரம்புப் பாதிப்பு கருப்பினப் பெண்களிடம் அதிகம். 'மரத்துப்போகிறதா?' என்பதோடு 'பொத்தான் போட முடிகிறதா? செருப்பு காலைவிட்டு நழுவுகிறதா?' என்றும் கேளுங்கள். வயதானவருக்கு இது கீழே விழும் அபாயம்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டு எடுக்க வேண்டும். மூட்டுவலியால் நிறுத்திவிட்டு வெளியே சொல்லாதவர்கள் உண்டு. 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்றால் 'ஆமாம்' என்பார்கள். 'போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போனது?' என்று கேளுங்கள். காரணம் பணமானால், மெடிகேர் எனும் அரசின் முதியோர் காப்பீட்டில், மருந்துகளுக்கான பார்ட் டி-யில் 2025-இல் நோயாளி கையிலிருந்து கட்டும் ஆண்டு மருந்துச் செலவுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு வந்துவிட்டது, 2026-இல் 2,100. அதை மாதத் தவணையாகவும் கட்டலாம். சிகிச்சைக்குப் பின் நிணநீர் தேங்கி வரும் கைவீக்கத்துக்கு, 2024 ஜனவரி 1 முதல் மெடிகேரின் வெளிநோயாளர் பிரிவான பார்ட் பி-யில் 6 மாதத்துக்கு 3 பகல்நேர அழுத்த உறைகள் கிடைக்கும், 20 சதவீதம் நோயாளி பங்கு.

கடைசியாகப் பரிந்துரைப் பட்டியலை எடுங்கள். ஒரே அளவு கைவீக்கம் உள்ளவர்களில் யாருக்கு உறை எழுதப்பட்டது, யாருக்குப் பிசியோதெரபி, யாருக்கு எதுவுமே இல்லை என்று இனவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.