'ஃபார் விச்', 'டு ஹூம்' எழுதுவது எப்படி: முதலில் பெயரெச்சத்தைப் பிரியுங்கள்

திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியில் மாலை ஏழு மணிக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். நூல் மில் சூப்பர்வைசர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற பெண் ஒருவர், இன்னும் சிலர். பேச்சில் இவர்களுக்குப் பெரிய தடங்கல் கிடையாது. எழுத உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குவார்கள். போன வாரம் நர்ஸ் தன் வேலை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதல் வரியில் "தி போஸ்ட் விச் ஐ ஆம் அப்ளையிங்" என்று இருந்தது. 'நான் விண்ணப்பிக்கும் பணி' என்று சொல்ல வந்திருக்கிறார். 'ஃபார்' காணவில்லை.

"எங்க விட்டேன் மிஸ்? தமிழ்ல சரியாத்தானே இருக்கு?" என்றார்.

தமிழில் சரியாகத்தான் இருக்கிறது. பிழை பிறப்பதே அங்கேதான்.

காய் வெட்டிய கத்தி, நான் வந்த பஸ், நான் வேலை பார்க்கும் மில், நான் பணம் கொடுத்த ஆள். பெயருக்கு முன்னால் நிற்கிற இந்த வெட்டிய, வந்த, பார்க்கும், கொடுத்த எல்லாம் பெயரெச்சங்கள். இந்தத் தொடர்களைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். கத்தியால் வெட்டினேன், பஸ்ஸில் வந்தேன், மில்லில் வேலை பார்க்கிறேன், ஆளிடம் கொடுத்தேன். பிரித்தால் வருகிற ஆல், இல், இடம் எல்லாம் பெயரெச்சத்தில் மறைந்துவிடுகின்றன. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயர்களைப் பெயரெச்சம் கொண்டு முடியும் என்கிறது நன்னூல். ஆறுக்கும் 'வெட்டிய' என்ற ஒரே வடிவம் போதும். வெட்டிய ஆளா, வெட்டிய கத்தியா, வெட்டிய இடமா, வெட்டிய காயா என்பதைக் கேட்கிறவர் தானாகப் புரிந்துகொள்வார். எனக்கு இது தமிழின் பெரிய அழகாகத் தெரிகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. 'விச்' என்று ஒரு சொல்லைப் போட்ட பிறகும், கத்திக்கும் வெட்டுக்கும் என்ன உறவு என்பதை இன், ஆன், ஃபார், டு போன்ற ஒரு ப்ரிபொசிஷன் வைத்துக் காட்டச் சொல்லும். ஆகவே இந்தப் பிழைக்காக மனம் சோராதீர்கள். நல்ல தமிழ் காதில் ஊறியிருப்பதால் வருகிற பிழை இது.

வழி இதுதான். எழுத வேண்டிய தொடரை இரண்டு முழு வாக்கியங்களாகப் பிரியுங்கள்; இரண்டாவதை ஆங்கிலத்திலேயே முழுசாக எழுதுங்கள். நர்ஸிடம் அதைத்தான் செய்யச் சொன்னேன். "ஐ ஆம் அப்ளையிங் ஃபார் தி போஸ்ட்" என்று எழுதினார். 'ஃபார்' தானாக வந்துவிட்டது. இப்போது 'தி போஸ்ட்' என்பதை எடுத்துவிட்டு 'விச்' வையுங்கள். 'ஃபார் விச்' கிடைக்கும். அந்த இரண்டு சொல்லையும் பிரிக்காமல் தூக்கி, 'போஸ்ட்' என்ற சொல்லுக்கு அடுத்து வையுங்கள். "தி போஸ்ட் ஃபார் விச் ஐ ஆம் அப்ளையிங்." இதே மாதிரி "தி நைஃப் வித் விச் ஐ கட் தி வெஜிடபிள்ஸ்", "தி மில் இன் விச் ஐ வொர்க்", "தி மேன் டு ஹூம் ஐ கேவ் தி மணி."

ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் உருபை அப்படியே மாற்றினால் ஏமாந்துபோவீர்கள். 'கத்தியால்' என்பதைப் பார்த்து 'பை விச்' எழுதியவர்கள் என் வகுப்பில் பலர். அதைவிடப் பெரிய பள்ளம் இரண்டாம் வேற்றுமை. மழையை நம்பியிருக்கிறோம், பாட்டைக் கேட்டேன், சாவியைத் தேடினேன்; மூன்றிலும் வெறும் 'ஐ' உருபுதான். ஆனால் ஆங்கிலத்தில் 'டிபெண்ட்' வந்தால் 'ஆன்', 'லிசன்' வந்தால் 'டு', தேடுவதற்கு 'லுக் ஃபார்'. எனவே நாம் நம்பியிருக்கும் மழை "தி ரெயின் ஆன் விச் வீ டிபெண்ட்" ஆகிறது. நான் கேட்ட பாட்டு "தி சாங் டு விச் ஐ லிசன்ட்" ஆகிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு. விஷயத்தைப் பற்றி விவாதித்தோம் என்கிறோம், அதனால் கை தானாக "தி மேட்டர் அபவுட் விச் வீ டிஸ்கஸ்ட்" என்று எழுதிவிடுகிறது. 'டிஸ்கஸ்' ப்ரிபொசிஷன் கேட்காத வினை. "தி மேட்டர் விச் வீ டிஸ்கஸ்ட்" போதும். 'ரீச்', 'என்டர்', 'மேரி' மூன்றும் அதே ரகம். வகுப்பில் சில நாள் கழித்து எல்லாருக்கும் எங்கே பார்த்தாலும் 'இன் விச்' போடும் ஆசை வந்துவிடும். அப்போது இந்த நான்கு வினைகளையும் போர்டில் எழுதி வைத்துவிடுவேன்.

ஆளென்றால் 'ஹூம்', பொருளென்றால் 'விச்'. ப்ரிபொசிஷனுக்கு அடுத்து 'ஹூ' வராது. 'டு ஹூ' என்று எழுதினால் தவறு. 'தட்'டும் வராது. "தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்" என்று ஆங்கிலத்தில் இல்லை. இன்னொன்று, முன்னால் கொண்டுவந்ததைப் பின்னாலும் விட்டுவைக்காதீர்கள். "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்" என்று இரண்டு 'இன்' போடுகிறவர்களிடம், ஒரே வாசலுக்கு இரண்டு கதவு எதற்கு என்று கேட்பேன்.

பின்னால் மட்டும் வைக்கலாமா? வைக்கலாம். "தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்" சரி. அப்போது 'விச்'சையே எடுத்துவிட்டு "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" என்றும் சொல்லலாம்; பேச்சில் இதுதான் இயல்பு. முன்னால் வைத்தால் 'விச்'சை எடுக்க முடியாது. வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிப்பது பாவம் என்று சிலர் படித்திருப்பீர்கள். அந்தக் கண்டிப்பு பழசு. ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672-இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் இதைக் குறையாகக் காட்டினார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத்தோ, ஆங்கில மொழியின் சாய்வே அப்படித்தான், சாதாரணப் பேச்சுக்கு அது பொருந்தும், கம்பீரமான நடைக்கு முன்னால் வைப்பது நல்லது என்றார். இருநூற்று அறுபது வருஷம் ஆகியும் இதைவிடத் தெளிவான ஆலோசனை எனக்குத் தெரியாது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் முன்னால் வையுங்கள், பக்கத்து வீட்டாரிடம் பேசும்போது பின்னால் விடுங்கள். இரண்டிடத்திலும் இல்லாமல் தொலைப்பதுதான் தவறு.

சிலவற்றை முன்னால் இழுக்கவே கூடாது. 'லுக் ஆஃப்டர்' என்பது இரண்டு சொல்லாக இருந்தாலும் ஒரே வினை. 'கவனித்துக்கொள்' என்பதை நாம் உடைக்கிறோமா? நர்ஸ் தன் விண்ணப்பத்தின் கீழ்ப் பகுதியில் "தி பேஷண்ட்ஸ் ஆஃப்டர் ஹூம் ஐ லுக்ட்" என்று எழுதியிருந்தார். நான் சொன்னதையே கடைப்பிடித்திருக்கிறார், பாவம். "தி பேஷண்ட்ஸ் ஐ லுக்ட் ஆஃப்டர்" என்று விடலாம். கடிதத்தின் மரியாதை குறையக்கூடாது என்றால் வினையை மாற்றி, "தி பேஷண்ட்ஸ் ஃபார் ஹூம் ஐ கேர்ட்" என்று எழுதலாம். இரண்டாவதைத்தான் அவர் வைத்துக்கொண்டார்.

இதுவரை வினை கேட்கிற ப்ரிபொசிஷன்களைப் பார்த்தோம். பெயர்ச்சொல் கேட்பதும் உண்டு, ஆபீஸ் எழுத்தில் அதிகம் வருவது அதுதான். 'ஸ்பீட்' என்றால் 'அட்': "தி ஸ்பீட் அட் விச் தி மெஷின் ரன்ஸ்." டெம்பரேச்சர், ரேட் இரண்டுக்கும் அதே 'அட்'. 'வே' என்றால் 'இன்', 'எக்ஸ்டென்ட்' என்றால் 'டு', 'கண்டிஷன்ஸ்' என்றால் 'அண்டர்'. இவற்றுக்குக் காரணம் தேடாதீர்கள். பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'டேட்' மட்டும் கவனமாக இருக்க வேண்டிய சொல். "தி டேட் ஆன் விச் தி ரிட்டர்ன் வாஸ் ஃபைல்ட்" என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்த அந்த நாள். "தி டேட் பை விச் தி ரிட்டர்ன் மஸ்ட் பி ஃபைல்ட்" என்றால் அந்த நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தமிழில் இரண்டும் 'தாக்கல் செய்த தேதி', 'தாக்கல் செய்ய வேண்டிய தேதி' என்று உருபு இல்லாமலே ஓடிவிடும். ஆடிட்டர் ஆபீஸ் பெண் இந்த இரண்டையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

எண்ணிக்கையோடு வருவதையும் சொல்லிவிடுகிறேன். "ஐ ஹேவ் த்ரீ சன்ஸ், டூ ஆஃப் தெம் ஆர் இன் சிங்கப்பூர்" என்று கமா போட்டு ஒட்டுவது தவறு. இரண்டு முழு வாக்கியங்களைக் கமா தாங்காது. 'தெம்' இருந்த இடத்தில் 'ஹூம்' வையுங்கள்: "டூ ஆஃப் ஹூம் ஆர் இன் சிங்கப்பூர்." பொருள்களுக்கு 'மோஸ்ட் ஆஃப் விச்', 'சம் ஆஃப் விச்'.

கடைசியில் வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி. 'நான் பேசிய ஆள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். உடனே எழுதக்கூடாது, முதலில் பிரிக்க வேண்டும். ஆளிடம் பேசினேன் என்றால் 'டு ஹூம்'. ஆளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றால் 'வித் ஹூம்'. ஆளைப் பற்றிப் பேசினேன் என்றால் 'அபவுட் ஹூம்'. அன்று மில் சூப்பர்வைசர் மட்டும் பேனாவை எடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளுக்காகப் போய்ப் பேசினேன் மிஸ், அதுக்கு என்ன?" என்றார். போர்டில் எழுதிக் காட்டினேன்: "தி மேன் ஆன் ஹூஸ் பிஹாஃப் ஐ ஸ்போக்."