60 கிரெய்ன் தோட்டா வாங்கும் முன் குழலைப் பாருங்கள்

.22 குண்டு காகித டார்கெட்டில் போடும் ஓட்டை, பென்சிலால் குத்தியது போல வட்டமாக இருக்க வேண்டும். நண்பர் ஒருவர் ரேஞ்சிலிருந்து கொண்டுவந்து காட்டிய காகிதத்தில் வட்டமே இல்லை. குண்டு பக்கவாட்டில் படுத்துக்கொண்டே காகிதத்தைக் கிழித்துப் போயிருந்தது. சில ஓட்டைகளில் குண்டின் முழு நீளமும் அச்சு எடுத்தது போலத் தெரிந்தது. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறார், பாவம். ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருந்தது, தோட்டாவும் நன்றாகத்தான் இருந்தது. தோட்டாவும் அவருடைய குழலும்தான் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

அவர் வாங்கியது அகிலா நிறுவனத்தின் ஸ்னைப்பர் சப்சோனிக். சப்சோனிக் என்றால் ஒலியை விட மெதுவாகப் போவது. அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் எஸ்.எஸ்.எஸ். என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில் தயாராகிறது. வழக்கமான .22 லாங் ரைஃபிள் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். இதில் 60 கிரெய்ன், 3.9 கிராம். அந்தக் கூடுதல் ஈயத்தை எங்கே வைப்பது? விட்டத்தைக் கூட்ட முடியாது, குழலுக்குள் போகாது. நீளத்தைத்தான் கூட்ட முடியும். தோட்டாவின் மொத்த நீளமும் மாறக்கூடாது, மேகசினில் உட்காராது. அதனால் குண்டைப் பிடித்திருக்கும், வெடிமருந்து அடங்கிய உறையைக் குறைத்துவிட்டார்கள். 1857-இல் வந்த பழைய .22 ஷார்ட் தோட்டாவின் குட்டை உறையில் ஒரு நீண்ட குண்டு. இந்தத் தோட்டாவில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன: நீண்ட குண்டு, குட்டை உறை.

முதல் தவறு, குழலின் முறுக்கைப் பார்க்காமல் வாங்குவது. குழலின் உள்ளே செதுக்கியிருக்கும் வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன, பம்பரம் போல. குண்டு நீளமாக ஆக, நிமிர்ந்து பறக்க அதற்கு வேகமான சுழற்சி வேண்டும். சாதாரண .22 குழல்கள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று தருகின்றன. ரூகர் 10/22 முதல் பெரும்பாலான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள் வரை இதே கணக்குதான். 40 கிரெய்ன் குண்டுக்கு அது போதும். 60 கிரெய்னுக்கு 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருந்தால்தான் நம்பிச் சுடலாம். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள்களின் குழல்களில் 7, 8, 9 அங்குல முறுக்கு சாதாரணம். அதனால் .22 தோட்டாவைச் சுட உதவும் மாற்று கிட் பொருத்திய ஏ.ஆர்.-இல் இந்தக் குண்டு நிமிர்ந்து பறக்கிறது, அசல் .22 ரைஃபிளில் தடுமாறுகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

உங்கள் குழலின் முறுக்கு தெரியாதா? வீட்டிலேயே அளந்துவிடலாம். துப்பாக்கி காலி என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் இன்னொரு முறையும் பாருங்கள். கைப்பிடி தனியாகச் சுழலும் சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணி மாட்டிக் குழலுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் அந்தக் கோடு சுற்றிக்கொண்டு வரும். மறுபடி மேலே வரும்போது கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ, அதுதான் முறுக்கு. குழல் குட்டையாக இருந்தால் அரைச் சுற்றுக்கு அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

10 கெஜத்தில் நாலு குண்டு சுட்டுவிட்டு “என் துப்பாக்கியில் நன்றாகவே போகிறது” என்று சொல்வது அடுத்த தவறு. 16 அங்குல முறுக்கிலும் சில குழல்களில் கிட்டத்தில் ஓட்டை ஓரளவு வட்டமாகவே விழும். தூரம் கூடக் கூட ஆட்டம் பெரிதாகும். 50 கெஜத்தில் பெரிய அட்டை வைத்துச் சுட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல வேண்டியது சப்ரஸ்ஸர் விஷயம், அதாவது சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் குழாய். சத்தம் குறைவு என்பதற்காகத்தான் பலர் இந்தத் தோட்டாவையே தேடுகிறார்கள், அதனால் சப்ரஸ்ஸரோடு சேர்த்து மாட்டத் தோன்றும். ஆனால் குழலை விட்டு வெளியே வந்ததும் ஆடத் தொடங்கும் குண்டு, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளில் உரசும். தகடு பிய்யலாம், முனை மூடி பறக்கலாம், குண்டு எந்தத் திசையில் போகும் என்றே சொல்ல முடியாது. சப்ரஸ்ஸர் இல்லாமல் 50 கெஜத்தில் ஒவ்வொரு ஓட்டையும் வட்டமாக விழுவதைப் பார்த்த பிறகுதான் மாட்டலாம். பத்தில் ஒன்று நீளமாகக் கிழித்திருந்தாலும் வேண்டாம்.

“சப்சோனிக் என்றால் செமி ஆட்டோமேட்டிக் ஓடாது” என்று சிலர் சொல்வதும் இங்கே பொருந்தாது. செமி ஆட்டோமேட்டிக்கில் ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட் தானே பின்னுக்குப் போய் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். போல்டைப் பின்னுக்குத் தள்ளுவதில் குண்டின் எடையும் வேகமும் சேர்ந்துதான் கணக்கு. இந்த 60 கிரெய்ன் குண்டின் வேகம் நொடிக்கு 950 அடி, பெருக்கினால் 57,000. சி.சி.ஐ. நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா 40 கிரெய்ன், 1,070 அடி, பெருக்கினால் 42,800. கனமான குண்டு மெதுவாகப் போனாலும் போல்டை நன்றாகவே தள்ளுகிறது. ஆனாலும் குட்டை உறை எல்லா மேகசினிலும், தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியான சேம்பர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

அந்தக் குட்டை உறை செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. சேம்பரில் உறை மூடாத முன்பகுதியில் கரியும் மெழுகும் ஈயமும் வளையம் போலப் படியும். ஒரு பெட்டி சுட்டபின் வழக்கமான தோட்டாவைப் போட்டால் அது முழுதாக உள்ளே போகாமல் நிற்கலாம். அப்போது போல்டைக் கையால் அடித்துத் தள்ளாதீர்கள். .22 ஒரு ரிம்ஃபயர் தோட்டா, அதில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை உறையின் அடி விளிம்பிலேயே இருக்கிறது. போல்ட் முழுதாகப் பூட்டாத நிலையில் விளிம்பு நசுங்கி வெடித்தால் உறை கிழிந்து துகள்கள் முகத்துக்கு வரும். சேம்பரை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டு வகையும் சுடுவதாக இருந்தால் வழக்கமான தோட்டாவை முதலில் முடித்துவிடுங்கள்.

தூரக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். 50 கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 100 கெஜத்தில் இந்தக் குண்டு ஏறக்குறைய 10 அங்குலம் கீழே போய் விழும். கீழே விழுந்த குண்டைத் தேடாமல் ஸ்கோப்பைத் திருகிக்கொண்டே இருந்தால் பெட்டிதான் காலியாகும்.

சத்தத்துக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,125 அடி போகிறது. சாதாரண 40 கிரெய்ன், 1,070 அடி தோட்டாவும் அதற்குக் கீழேதான், 16 அங்குல முறுக்கில் அழகாகப் பறக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி போகும் குளிரில் ஒலியின் வேகம் 1,060 அடிக்கு அருகில் இறங்கிவிடும். அப்போது அந்தத் தோட்டா ஒலியை முந்தி ‘படார்’ என்று சத்தம் போடலாம், 950 அடித் தோட்டா போடாது. கனமான குண்டுக்கு உண்மையான ஆதாயம் அங்கேதான், அதுவும் குழல் பொருந்தினால். நண்பருக்கு இதைச் சொன்னேன். மிச்சமிருந்த பெட்டிகளை 9 அங்குல முறுக்குள்ள ஏ.ஆர். வைத்திருக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தன் ரைஃபிளுக்கு 40 கிரெய்ன் வாங்கிக்கொண்டார்.