குன்னூரில் வீட்டு வேலைக்குக் கடையும் ஆளும் பிடிப்பது எப்படி?

மலையில் பழைய வீடு வாங்கியவர்களும், வெளியூரிலிருந்து திரும்பி வந்து அப்பா கட்டிய வீட்டைச் சரிசெய்ய நினைப்பவர்களும் என்னிடம் கேட்பது இதுதான்: "டைல்ஸ் எங்கே வாங்கினீங்க? ஆள் யாரு?" கடைப் பெயரைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். குன்னூரில் எங்கள் வீட்டுக் குளியலறை, சமையலறை, கூரை எல்லாவற்றையும் ஒரு வழியாக மாற்றி முடித்தபின் சொல்கிறேன்: கடை எங்கே இருக்கிறது என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோடு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

படி 1: மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நீலகிரி ஒரே மாவட்டம்தான், மழைக்காலம் மட்டும் இரண்டு. கூடலூர், பந்தலூர், ஊட்டிக்கு மேற்கே எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்குப் பிறகு. பூச்சு வேலையும் பெயிண்டும் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் முடிந்துவிட வேண்டும். இது ஊருக்கே தெரியும் என்பதால் பொங்கல் கழிந்ததும் நல்ல மேஸ்திரி யாரும் சும்மா இருக்க மாட்டார். தீபாவளி வாக்கிலேயே சொல்லி வையுங்கள். மே மாதத்தை மறந்துவிடுங்கள். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று பாதையை ஒருவழியாக்கிவிட்டால் லோடு வண்டிக்காரரிடம் நேரம் கேட்பதில் அர்த்தமே இல்லை.

படி 2: மேப்பில் தேடுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

கூகுள் மேப்பில் "ஹார்டுவேர்" என்று போட்டால் கோத்தகிரிக்காரருக்கு மேட்டுப்பாளையம் கடையைக் காட்டும். படத்தில் பக்கம்தான். நடுவில் ஒரு மலை இறங்க வேண்டும் என்பது அதற்குப் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. அதனால் ஊர்ப் பெயர் சேர்த்தே தேடுங்கள்: குன்னூர் என்றால் பெட்ஃபோர்டு, ஊட்டி என்றால் கமர்ஷியல் ரோடு, மெயின் பஜார். ஊட்டிக்கு "உதகமண்டலம்" என்றும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், வேறு கடைகள் வரும். கிடைத்த எண்ணுக்கு முதலில் போன் செய்யுங்கள். பாதிக் கடைகள் இடம் மாறியிருக்கும், சில கடைகள் மூடியே இருக்கும்.

நம் எண்ணை வாங்கிக்கொண்டு "பத்துப் பேர் அழைப்பார்கள்" என்கிற பட்டியல் தளங்கள் பக்கம் நான் போவதில்லை. அழைப்பவர்களில் பலர் கோயம்புத்தூர். "சார், ஊட்டிதானே, வந்துடலாம்" என்பார்கள். வரமாட்டார்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி, பழைய ஹார்டுவேர் கடைக் கல்லாவில் காலை எட்டரை மணிக்கு நிற்பது. கொத்தனார்களும் பிளம்பர்களும் அன்றைய சாமான் வாங்க வரும் நேரம் அது. யார் காசு கொடுத்து வாங்குகிறார், யார் பெயரில் கடன் நீள்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். "அண்ணே, ஓட்டு வீட்டு வேலை தெரிஞ்ச மேஸ்திரி யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். "நல்ல மேஸ்திரி" என்று பொதுவாகக் கேட்டால் அவர் மச்சான் பெயரைத்தான் சொல்வார்.

படி 3: வாசல் விலை கேளுங்கள்

எல்லோரையும் சுற்றவிடும் இடம் இதுதான். என்னையும் விடவில்லை.

மேட்டுப்பாளையத்தில் விலை குறைவு என்பது உண்மை. ஆனால் அது கடை விலை. அதற்கு மேல் மலை ஏறும் வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி. அப்புறம் ரோட்டிலிருந்து வீட்டுக்குத் தலைச்சுமை. நம் ஊரில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழேயோ மேலேயோ படிக்கட்டில்தான் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போடலாம். 200 சதுர அடித் தரை. இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ், பெட்டிக்கு நாலு, ஏறக்குறைய 15.5 சதுர அடி வரும். உடைசல், வெட்டு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 15 பெட்டி. ஒரு பெட்டி 28 கிலோ என்று வைத்தாலும் 420 கிலோ. ஒட்டும் பசை மூட்டை, சிமெண்ட், மணல் எல்லாம் தனி. இதை ஒருவர் தலையில் வைத்து, மழையில் பாசி பிடித்த படியில் இறக்க வேண்டும். கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், படி கூடினால் அதுவும் கூடும். குட்டி யானை உங்கள் சந்து வரை வருமா, பாதியில் திரும்புமா என்பதும் இதில் சேரும்.

அதனால் எஸ்டிமேட் வாங்கும்போது இப்படிக் கேளுங்கள்: "என் சமையலறைக்குள்ள கொண்டு வந்து வைக்க மொத்தம் எவ்வளவு?" படிக்கட்டைப் போனில் வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எல்லாம் கூட்டிப் பார்த்தால் சின்ன வேலைக்கு உள்ளூர்க் கடையே லாபம். வண்டி நிறையும் அளவு சாமான் என்றால் மட்டும் கீழே போங்கள்.

இன்னொன்று. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன் பாருங்கள். இரண்டு பெட்டி குறைந்து மறுபடி வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறி வரும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

படி 4: டிசைனுக்கு யார்?

கோவை ஷோரூம்களில் இலவசமாக முப்பரிமாணப் படம் போட்டுத் தருவார்கள். அழகாக இருக்கும். அந்தப் படத்தில் சுவர்கள் நேராக இருக்கும், நம் வீட்டில் இருக்காது. ஒவ்வொரு சுவரையும் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். அறையைக் குறுக்காக, மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அறை கோணல். நான் எந்தச் செயலியும் பயன்படுத்தவில்லை. பள்ளிக்கூட கிராஃப் தாள், பென்சில், இரும்பு டேப், அவ்வளவுதான்.

சமையலறை அலமாரிக்குப் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், இந்த ஈரத்தில் ஊதிவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) கேளுங்கள். "வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்று வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள், பலகையில் அச்சைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் கூடுதல் கவனம். சாவியால் கீறினால் வெள்ளையாக மாவு போல உதிரும். அதன் மேல் சிமெண்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பெயிண்ட் கொப்புளம் கட்டும், ஓதம் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்பிலேயே பூசத் தெரிந்த ஆள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். பழைய பங்களாக்களில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள்.

சுவரை இடிப்பது, கூரையை உயர்த்துவது என்றால் ஆர்க்கிடெக்ட் வேண்டும். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் சிஏ என்று தொடங்கும், கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம். முழு ஒப்பந்தம் போடாமல், ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்ல என்ன கட்டணம் என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்கிறார்கள். தடுப்புச் சுவர் வேலையை மட்டும் மேஸ்திரி யூகத்துக்கு விடாதீர்கள். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரட்டும்.

படி 5: அனுமதி

பெயிண்ட், டைல்ஸ், குழாய் மாற்றுவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கூடுதல் அறை, மாடி என்றால் முதலில் நகராட்சி. மலைப்பகுதிக் கட்டட விதிகள், உயரக் கட்டுப்பாடு, மாஸ்டர் பிளான் எல்லாம் நடுவில் வரும். பொக்லைன் கொண்டுவரத் தனி அனுமதி. பட்டா நிலத்தில் இருந்தாலும் மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும், அதற்கு 1955லிருந்தே சட்டம் இருக்கிறது. "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்பவரிடம் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

கீழே கருத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: கோவையிலிருந்து வந்த அவருடைய ஆர்க்கிடெக்டைக் கல்லாறு சோதனைச்சாவடியில் நிறுத்திவிட்டார்களாம், இ-பாஸ் இல்லை. 2024 மே 7 முதல் வெளி மாவட்டக் கார்களுக்கு அது வேண்டும், கொடைக்கானலுக்கும் அப்படித்தான். கீழிருந்து யாரை வரவழைத்தாலும் முந்தின நாளே ஞாபகப்படுத்துங்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை.

கொடைக்கானலில் என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முறை இதேதான், மேட்டுப்பாளையத்துக்குப் பதில் வத்தலக்குண்டு. முதலில் மூஞ்சிக்கல் பக்கம் உள்ள கடைகளில் விசாரித்துவிட்டு, அப்புறம் கீழே இறங்குங்கள்.