கிராங்க் கேஸின் பேரிங் இருக்கையைப் புதுப்பிக்க நாமே செய்துகொள்ளும் கருவிகள்

பழைய மொபெட், பைக் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும், இரண்டு பாதிகளாகப் பிரியும் அலுமினிய உறைதான் கிராங்க் கேஸ். அதில் பேரிங் உட்காரும் குழியான இருக்கைக்குள் பேரிங்கின் வெளி வளையம் சுழலத் தொடங்கிவிட்டால், அலுமினியம் தேய்ந்து இருக்கை பெரிதாகிவிடும். பஞ்ச் வைத்துக் குத்தி இறுக்குவதும், பேரிங்கைப் பசையால் ஒட்டுவதும் பல பட்டறைகளில் நடக்கிற வேலைதான். ஆனால் இரண்டுமே பேரிங்கை மையத்தில் நிறுத்துவதில்லை. தேய்ந்த இருக்கையைக் கடைந்து பெரிதாக்கி, ஒரு ஸ்லீவ் (உலோக வளையம்) இறக்கி, அந்த ஸ்லீவைச் சரியான அளவுக்கு மீண்டும் கடைவதே முறையான வழி. அதில் கடினமானது அளவு அன்று, மையம். தேய்ந்த இருக்கையிலிருந்து மையத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் அது ஒரு பக்கமாகத்தான் தேய்ந்திருக்கும். மையத்தை, தேயாமல் இருக்கும் எதிர்ப் பாதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கீழே சொல்லும் தட்டு அதற்காகத்தான்.

கேஸின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்ப்பவை. எனவே, நல்ல பாதிக்குப் பொருந்தும்படி தட்டின் ஒரு முகத்தில் துளையிட்டால், மற்றப் பாதி அதே முகத்தில் பொருந்தாது. தட்டைத் திருப்பிப் போட்டால் பொருந்தும். தட்டு, இரண்டு பாதிகளுக்கும் நடுவே நிற்கும் தடித்த கேஸ்கட் போன்றது என்று நினைத்துக்கொண்டால் வேலை முழுவதும் விளங்கிவிடும்.

16 மி.மீ. தடிமனுள்ள எம்.எஸ். (மென் எஃகு) தட்டை, கேஸைவிடச் சுற்றிலும் 30 மி.மீ. பெரிதாக வெட்டி வாங்குங்கள். சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் இந்த அளவுத் துண்டு எடைக்குக் கிடைக்கும். நடுவில் 80 மி.மீ. துளையை முதலிலேயே எரிவாயுச் சுடரால் வெட்டித் திறந்துவிட வேண்டும். தட்டுக்குள் அடைபட்டிருக்கும் இழுவிசை துளை திறந்தபின்தான் வெளிப்பட்டுத் தட்டை வளைக்கும் என்பதால், சர்ஃபேஸ் கிரைண்டிங் (முகத்தைச் சமதளமாகத் தேய்த்தல்) எப்போதும் இதற்குப் பிறகே. இரண்டு முகங்களையும் கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இந்த வேலை எளிதில் முடியும். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், கிரைண்டிங் முடிந்த தட்டை எண்ணெய் பூசாமல் ஓர் இரவுகூட வைக்கக் கூடாது. உப்புக்காற்று அதைச் சும்மா விடாது.

அடுத்து நான்கு தூண்கள். லேத்தின் ஃபேஸ் பிளேட்டிலிருந்து (வேலைப்பொருளைக் கட்டிச் சுழற்றும் வட்டப் பலகை) தட்டைத் தூக்கி நிறுத்த, கேஸ் பாதியின் ஆழத்தைவிடச் சற்று அதிக நீளமுள்ள, 30 மி.மீ. விட்டமுள்ள துண்டுகள் தேவை. நான்கும் ஒரே நீளமாக இருப்பதற்கு, கடைசி ஃபேஸிங்கை (முனை முகத்தைக் கடைவதை) அவை ஃபேஸ் பிளேட்டில் முறுக்கப்பட்ட நிலையிலேயே எடுப்பது நல்லது. தூண் வழியாகச் செல்லும் போல்ட்டு 10 மி.மீ. என்றால், தட்டில் அதற்கான துளை 13 மி.மீ. இருக்கட்டும், அந்த இடைவெளியில்தான் தட்டைத் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவரப் போகிறோம்.

கேஸின் இரண்டு பாதிகளையும் சரியான இடத்தில் நிறுத்தும் பின்தான் டவல். தட்டில் அதற்கான துளைகளை இடுவதே இந்த வேலையின் உயிர்நாடி. நல்ல பாதியை, இணையும் முகம் தட்டின்மேல் படியும்படி வைத்து கிளாம்ப் செய்யுங்கள். கேஸின் டவல் 10 மி.மீ. விட்டம் என்றால், வெளி விட்டம் 10, உள் துளை 6 என்று ஒரு வழிகாட்டி புஷ் கடைந்து, அதை டவல் துளைக்குள் இறக்கி, அதன் வழியாகத் தட்டை 6 மி.மீ. டிரில்லால் முழுவதும் துளைக்க வேண்டும். பிறகு 9.8 வரை பெரிதாக்கி, 10 மி.மீ. ரீமரால் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) முடிக்கலாம். துளை சாய்ந்தால், ஒரு முகத்தில் சரியாக இருக்கும் இடம் மறு முகத்தில் தள்ளிப்போகும்: 100 மி.மீ. நீளத்துக்கு 0.1 மி.மீ. சாய்வு என்றால், 16 மி.மீ. தட்டில் 0.016 மி.மீ. பிழை. ஆகவே டிரில்லிங் மெஷினின் மேசையை, ஸ்பிண்டிலில் கட்டிய டயல் கேஜால் சுற்றிப் பார்த்துச் சரிசெய்த பிறகே டிரில்லைத் தொடுங்கள்.

இனி லேத்துக்குச் செல்லலாம். தட்டைத் தூண்கள்மேல் நிறுத்தி, நல்ல பாதியைத் தட்டின் பின்முகத்தில், அதாவது ஃபேஸ் பிளேட்டைப் பார்க்கும் பக்கத்தில், டவல் பின்களுடன் முறுக்குங்கள். நடுத்துளை வழியாக லீவர் டயலை (நெம்புமுள் உள்ள டயல் கேஜ்) உள்ளே விட்டு, பேரிங் இருக்கையில் முள் 0.01 மி.மீ.க்குமேல் ஆடாத நிலைக்குத் தட்டை நகர்த்தி இறுக்கியதும், எதையும் அசைக்காமல் தட்டின் நடுத்துளையை 90 மி.மீ.க்குக் கடைந்துவிடுங்கள். நல்ல பாதியின் மையம் இப்போது தட்டில் பதிந்துவிட்டது. தட்டைக் கழற்றித் திருப்பி, அந்த 90 மி.மீ. துளையை டயலால் மையப்படுத்தி, தேய்ந்த பாதியை அதே டவல் துளைகளில் பின்முகத்தில் முறுக்கினால், எதிர்ப் பாதியின் மையத்திலேயே அது சுழலும்.

கியர் பாக்ஸ் பகுதி ஒரு பக்கமாக நீண்டிருப்பதால் எடை சமமாக இருக்காது. எதிர்ப்புறம் இரும்புத் துண்டுகளைக் கட்டி எடையைச் சமப்படுத்தி, கேஸ் லேத்தின் பெட்டில் (அடித்தளத்தில்) இடிக்கிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, வேகத்தை நிமிடத்துக்கு 150 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டில் பள்ளம் விட்ட கேப் பெட் லேத் கிடைத்தால் நிம்மதி.

துளையின் உட்புறத்தைக் கடையும் போரிங் பாரைக் கடையில் வாங்கத் தேவையில்லை. 20 மி.மீ. இஎன் 8 எஃகு உருளையின் முனையில் 6 மி.மீ. குறுக்குத் துளையிட்டு, ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டைச் செருகி, தலையில்லாத ஒரு கிரப் ஸ்க்ரூவால் பிடித்தால் போதும். பாரைப் பிடிக்கும் டூல் போஸ்டுக்கு வெளியே 80 மி.மீ.க்குமேல் நீட்டினால் பார் அதிர்ந்து, இருக்கையில் அலை விழும். அலுமினியத்தைக் கடையும்போது பிட்டின் நுனியில் உலோகம் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கீறும். மண்ணெண்ணெயோ டீசலோ தூரிகையால் தடவினால் ஒட்டாது. சிறிய செயின் சா, புல்வெட்டி எஞ்சின்களின் கேஸ் மெக்னீசியமாக இருக்கக்கூடும். மறைவான இடத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது மெக்னீசியம். அதன் துருவல் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும் என்பதால், இந்த எண்ணெய்களைத் தொடாமல், உலர்ந்த மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகவும் உலர்வாகவும் கடையுங்கள்.

6205 பேரிங்கை எடுத்துக்கொள்வோம்: உள்ளே 25, வெளியே 52, அகலம் 15 மி.மீ. இருக்கையை 58 மி.மீ.க்குக் கடைந்து, வெளி விட்டம் 58.08 உள்ள வார்ப்பிரும்பு ஸ்லீவ் செய்யலாம்; சுற்றுச் சுவர் மெலிந்திருந்தால் 56-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. அந்த 0.08 இறுக்கம் அதிகமில்லை. எஞ்சின் சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், 70 டிகிரி ஏற்றத்தில் மட்டும் சுமார் 0.05 மி.மீ. இறுக்கம் கரைந்துவிடும். கேஸைப் பழைய அவனில் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் இருக்கை 0.16 மி.மீ. விரிந்து, ஸ்லீவ் தன் எடையிலேயே இறங்கும். கேஸ் அடுப்புச் சுடரை நேரடியாகக் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

ஆறியபின் கேஸை மீண்டும் அதே டவல்களில் பொருத்தி, ஸ்லீவின் உட்புறத்தை 51.97-க்கும் 51.98-க்கும் இடையில் முடியுங்கள். இதை அளக்க, 51.95, 51.97, 51.98 என்று மூன்று படிகள் கொண்ட பிளக் கேஜ் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் அளவு உருளை) ஒன்றைக் கடைந்து வைத்துக்கொண்டால் போதும். வெளி மைக்ரோமீட்டர் எல்லாப் பட்டறையிலும் இருக்கும், துளையை அளக்கும் போர் கேஜ் இருக்காது. இரண்டாம் படி நுழைந்து, மூன்றாம் படி நின்றுவிட வேண்டும். கடைந்த சூட்டில் அளக்காதீர்கள்.

கடைசியாக, இரண்டு பாதிகளிலும் பேரிங் ஏற்றி, கேஸ்கட் இல்லாமல் சேர்த்து முறுக்கி, பேரிங்கின் துளையில் ஆடாமல் நகரும்படி 25 மி.மீ.க்குக் கிரைண்டிங் செய்த தண்டு ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து செலுத்துங்கள். அது இரண்டு பேரிங்குகளையும் கைத்தள்ளலிலேயே கடக்க வேண்டும். இரண்டாவது பேரிங்கில் முட்டினால், இணைப்பு ஸ்க்ரூக்களைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்: தண்டு நுழைந்துவிட்டால், இணையும் முகத்தில் பிசிறோ அழுக்கோ இருக்கிறது, அப்போதும் நுழையாவிட்டால் மையம் தவறியிருக்கிறது, தட்டின் டவல் துளைகளிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.